‘குடுங்கய்யா, நான் எடுத்துத் தர்றேன்!’

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. மாதாமாதம் பென்ஷன் எடுக்க மலையிலிருந்து சேலத்துக்கு இறங்குகிறார். புது பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஏ.டி.எம்.மில் தடுமாறும்போது யாராவது உதவ வருகிறார்களாம். சரிதானா? - வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா. முதியவர்களைப் பொறுத்தவரை, கத்தி காட்டுகிறவனைவிட உதவிக்கு வருகிறவனிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும். கார்டை வாங்கி அவனே செருகுவான். பின் நம்பரை அப்பா அழுத்தும்போது பார்த்துக்கொள்வான். ‘பணம் வரலைங்கய்யா’ என்று அவன் திருப்பித் தருவது அதே வங்கியின், அதே நிறத்து, வேறொருவருடைய கார்டு. அப்பா ஏற்காடு பஸ்ஸில் உட்காருவதற்குள் அடுத்த மிஷினில் கணக்கு காலியாகிவிடும்.

இப்போதைய கார்டுகள் பலவற்றில் பெயர் இருக்காது. அதனால் கடைசி நான்கு எண்களை அப்பா மனப்பாடம் செய்யட்டும். பின்பக்கப் பட்டையில் கையெழுத்தும் போட்டுவிடுங்கள். வெளியே வருமுன் இரண்டையும் பார்த்தால் போதும், கார்டு மாறியது தெரிந்துவிடும்.

தடுமாற்றத்துக்கே பெரும்பாலும் ஒரு காரணம்தான்: பழைய பழக்கத்தில் கார்டைச் செருகி உடனே உருவிவிடுகிறார்கள். சிப் கார்டு பல மிஷின்களில் கடைசிவரை உள்ளேயே இருக்க வேண்டும். இதை ஒருமுறை கூடவே நின்று பழக்கிக் கொடுங்கள். வங்கிக் கிளையை ஒட்டிய ஏ.டி.எம்.முக்கு, கிளை திறந்திருக்கும் நேரத்தில் போவது நல்லது. சந்தேகம் வந்தால் உள்ளே அலுவலரிடம் கேட்கலாம். பின் நம்பர் அழுத்தும்போது இன்னொரு கையால் மேலே மூடிக்கொள்ள வேண்டும். மறைத்து வைத்த கேமரா பெரும்பாலும் மேலேதான் இருக்கும். கார்டு நுழையும் வாய் ஆடினாலோ, பட்டன்கள் வழக்கத்தைவிட மேடாக இருந்தாலோ அந்த மிஷினே வேண்டாம். ஸ்டேட் வங்கி கார்டை அந்த வங்கி ஏ.டி.எம்.மிலேயே போட்டால் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுக்க ஓ.டி.பி. கேட்கும், செல்போனும் கையில் இருக்கட்டும்.

கார்டை முடக்க அழைக்கும் எண் கார்டின் பின்புறம்தான் அச்சாகியிருக்கும். கார்டே போய்விட்டால்? தனிச் சீட்டில் எழுதி அப்பாவின் சட்டைப்பையில் வையுங்கள். கூகுளில் தேடாதீர்கள், அங்கே போலி எண்களும் உண்டு. முதலில் வங்கி, அடுத்து சைபர் குற்றப் புகாருக்கான 1930. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, பின் நம்பரை நாமே வெளியே விட்டிருந்தால் புகார் சொல்லும்வரை போன பணம் நம் நஷ்டம். சொன்ன பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. ஆகவே புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது. என்ன செய்வது? - வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: பணம் வெளிவரும் வாயில் பட்டையோ பசையோ ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டியிருந்தால், நீங்கள் நகர்ந்ததும் எடுக்க ஒருவன் வெளியே காத்திருக்கலாம். அங்கிருந்தே வங்கியை அழையுங்கள். வெறும் கோளாறு என்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ரசீதை வைத்திருங்கள், ஏ.டி.எம். எண் அதில்தான் இருக்கும்.

கேள்வி: பின் நம்பரைத் தலைகீழாக அழுத்தினால் போலீஸுக்குத் தகவல் போகுமா? - வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: போகாது. 2442 என்ற எண்ணைத் திருப்பினால் அதே எண்தானே வரும்? மிரட்டினால் பணத்தைக் கொடுத்துவிட்டு, பத்திரமான இடத்துக்குப் போய் 112-ஐ அழையுங்கள்.