தைரொயிட் குளிசை குடிக்கும் அக்கா இரத்தம் கொடுக்கலாம், முடிக் குளிசை குடிக்கும் தம்பி பொறுக்க வேண்டும்

களுவாஞ்சிகுடியிலிருந்து 33 வயதுப் பெண் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தைரொயிட்டுக்கு ஒவ்வொரு நாளும் 75 மைக்ரோகிராம் தைரொக்சின் குடிக்கிறேன். ஒன்றரை வருடமாக அளவு மாறவில்லை. குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையும் எடுக்கிறேன். போன வருடம் கோயில் மண்டபத்தில் நடந்த இரத்ததான முகாமில், 'ஹோர்மோன் குளிசை குடிக்கிற ஆக்கள் குடுக்க ஏலாது' என்று வாசலில் நின்ற தொண்டர் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த முறை ஒரு கிழமைக்கு முன்னமே இரண்டையும் நிறுத்திவிட்டுப் போகலாமா? என் தம்பி முடி கொட்டுவதற்காக ஃபினாஸ்டரைட் குடிக்கிறான். பத்து நாளுக்கு முன் கல்முனையில் ஒரு முகாமில் இரத்தம் கொடுத்தான். வருத்தத்துக்குக் குடிக்கும் மருந்தில்லையே என்று அதைச் சொல்லவில்லை. அவனுக்கு ஏலுமென்றால் எனக்கு ஏன் ஏலாது?"

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் குடிக்கும் இரண்டு குளிசையையும் நிறுத்த வேண்டாம். அவை இரத்ததானத்துக்குத் தடையில்லை. பொறுத்திருக்க வேண்டியவர் உங்கள் தம்பிதான். அவர் இன்றைக்கே தான் இரத்தம் கொடுத்த இடத்து இரத்த வங்கிக்குத் தொலைபேசி எடுத்து, குளிசையின் பெயரையும் கொடுத்த திகதியையும் சொல்ல வேண்டும். கொடையாளர் அட்டை இருந்தால் அதிலுள்ள இலக்கத்தையும் சொல்லட்டும். செங்குழியப் பை குளிர்ப்பெட்டியில் 35 முதல் 42 நாள் வரை வைத்திருக்கப்படும். உறைய வைத்த பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, அதைவிட நெடுநாள் இருக்கும். ஆகவே பத்து நாள் கழித்துச் சொன்னாலும் பையை எடுத்து ஒதுக்கிவைக்க வாய்ப்பு உண்டு. இதற்காக யாரும் அவரை ஏசப்போவதில்லை. கொடுத்த பின் ஞாபகம் வந்து அறிவிக்கும் கொடையாளரை எந்த இரத்த வங்கியும் நன்றியோடுதான் பார்க்கும்.

சாதாரண முடிக் குளிசைக்கு ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்பீர்கள். ஃபினாஸ்டரைட், டெஸ்டொஸ்டெரோன் என்ற ஆண் ஹோர்மோன் அதன் வலுவான வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கிறது. வயிற்றிலிருக்கும் ஆண் சிசுவின் பிறப்புறுப்பு ஒழுங்காக உருவாக அந்த வலுவான வடிவம் தேவை. இரத்தப் பை யாருக்குப் போகும் என்று கொடுக்கும்போது யாருக்கும் தெரியாது. அது பிரசவ விடுதியில் இரத்தம் போகும் கர்ப்பிணி ஒருவருக்கும் ஏற்றப்படலாம். அதனால்தான் கடைசிக் குளிசை குடித்து ஒரு மாதம் கழியும் வரை எடுப்பதில்லை. மருந்து உடலைவிட்டுப் போக உண்மையில் சில நாள் போதும். ஒரு மாதம் என்பது எந்த உடம்புக்கும் பொருந்தும்படி வைத்த பாதுகாப்பு இடைவெளி. வயதானவர்களுக்குப் புரஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் 5 மில்லிகிராம் குளிசையும் இதே மருந்துதான். அதே வேலைக்குத் தரப்படும் டியூட்டாஸ்டரைட் மிக மெதுவாகவே கழியும். அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து கிழமை எடுக்கும், எனவே அதற்கு ஆறு மாதம்.

முகப்பருக் குளிசையும் இந்த வகைதான். கடும் பருவுக்குத் தோல் வைத்தியர் எழுதும் ஐசோட்ரெட்டினொயின் சிசுவின் மூளை, இதயம், முகம் எல்லாவற்றையும் பாதிக்கக்கூடியது. அதற்கும் ஒரு மாதம். சொரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெட்டின் இன்னும் கடினம். குடிப்பவர் மதுவும் எடுத்தால் அது உடலுக்குள் வேறொரு பொருளாக மாறிக் கொழுப்பில் தங்கிவிடும். அதற்கு மூன்று வருட இடைவெளி சொல்லப்படுகிறது. பதின்ம வயது முடிந்து முதல்முறை இரத்தம் கொடுக்க வரும் பிள்ளைகளிடம் பருக் குளிசையைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. "ஏதாவது வருத்தம் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் அவர்கள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள், அது பொய்யும் அல்ல.

இனி உங்கள் விஷயம். தைரொக்சின் என்பது உங்கள் கழுத்துச் சுரப்பி செய்யாமல் விட்டதை வெளியிலிருந்து நிரப்புகிறது. அளவு சரியாக இருக்கும்போது உங்கள் இரத்தத்தில் இருப்பது குளிசை குடிக்காத சுகதேகியின் இரத்தத்தில் இருக்கும் அதே ஹோர்மோன், அதே மட்டம். பெறுபவருக்கு அதில் புதிதாக ஒன்றும் போவதில்லை. வைத்தியர் பார்ப்பது வேறு: உங்கள் சுரப்பி நிலை அமைதியாக இருக்கிறதா, அரை லீற்றர் இரத்தம் போவதை உங்கள் இதயம் தாங்குமா என்பதே. அளவை அண்மையில் மாற்றியிருந்தால் டிஎஸ்எச் (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன்) மட்டம் நிலைக்க ஆறு கிழமையளவு எடுக்கும், அந்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பொறுப்பது நல்லது. உங்களுக்கு ஒன்றரை வருடமாக மாற்றம் இல்லை. ஒரு கிழமை நிறுத்துவதால் ஒரு பயனும் இல்லை, ஏனெனில் தைரொக்சின் பாதியாகக் குறையவே ஏழு நாள் செல்லும். நீங்கள் வீணாகக் களைத்துச் சோர்ந்து போவீர்கள், இரத்தம் அப்படியேதான் இருக்கும்.

தைரொயிட் என்றால் எல்லாருக்கும் ஒரே பதில் இல்லை. சுரப்பி கூடுதலாகச் சுரந்து கார்பிமசோல் குடிப்பவர்கள், புதிதாகக் கண்டுபிடித்து இன்னும் பரிசோதனையில் இருப்பவர்கள், தைரொயிட் புற்றுநோய் வந்தவர்கள் கொடுப்பதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தூண்டிக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் 'கிரேவ்ஸ்' நோய் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தால், சுகமான பின்பும் நிரந்தரமாகத் தவிர்க்கும்படிதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது.

குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை, மூன்று மாத ஊசி, கைத்தோலுக்குள் வைக்கும் குச்சி, லூப் எதுவும் தடையில்லை. மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹோர்மோனும் அப்படித்தான். சாதாரணக் குளிசையில் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் 30 மைக்ரோகிராம் அளவே இருக்கும். அதில் ஒரு பை இரத்தத்தோடு போவது நூறில் ஒரு பங்குகூட வராது. நிறுத்தினால் ஆபத்து உங்களுக்கே: இடையில் விட்ட குளிசை கர்ப்பத்தில் முடியலாம், கர்ப்பமானால் பிரசவத்துக்குப் பின்னும் ஆறு மாதமாவது கொடுக்க முடியாது. உண்மையில் இந்தக் குளிசை குடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் இரத்தப்போக்கு குறைவதால் இரும்புச்சத்து கொஞ்சம் மிஞ்சும்.

அந்த இரும்பு முக்கியம், ஏனென்றால் எங்கள் பகுதிப் பெண்கள் கொடுக்க முடியாமல் திருப்பி அனுப்பப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் குளிசையை விட, இரும்பு சேர்ந்து உருவாகும் ஹீமோகுளோபின் குறைவாக இருப்பதுதான். விரல் நுனியில் எடுத்த ஒரு துளியை நீலநிறச் செப்பு சல்பேற்றுக் கரைசலுக்குள் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கரைசலின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.053. துளி நேராக அடியில் போனால் ஹீமோகுளோபின் 100 மில்லிலீற்றருக்கு 12.5 கிராமாவது இருக்கிறது என்று அர்த்தம். மிதந்தால் அல்லது தயங்கி நின்றால் அன்றைக்கு இல்லை. ஒருமுறை இரத்தம் கொடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. சோறும் மீனும் சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கம் உணவிலுள்ள இரும்பை உடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். ஹீமோகுளோபின் குறைவு என்று கிளினிக்கில் இரும்புக் குளிசை தந்திருந்தால் அது முடிந்து, இரத்தம் சரியென்று பார்த்த பிறகே வர வேண்டும்.

பால் மாற்றத்துக்காக ஹோர்மோன் எடுக்கும் திருநர்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு. ஈஸ்ட்ரஜனோ டெஸ்டொஸ்டெரோனோ தன்னளவில் பெறுபவருக்குக் கேடு அல்ல. ஆனால் சிலருக்கு ஈஸ்ட்ரஜனோடு ஃபினாஸ்டரைட்டும் சேர்த்து எழுதப்படும், அப்போது மேலே சொன்ன ஒரு மாதக் கணக்கு வந்துவிடும். டெஸ்டொஸ்டெரோன் எடுப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் கூடும். இரத்தத்தில் செங்குழியங்களின் பங்கு 54 வீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்திப் பார்க்க வேண்டிய நிலை. அப்படி "இரத்தம் தடித்துவிட்டது" என்பதற்காக முகாமுக்குப் போய்க் கொடுப்பது சரியான வழி அல்ல, மருந்து எழுதிய வைத்தியரிடம்தான் முதலில் போக வேண்டும். ஜிம்மில் உடம்பு கட்ட, வைத்தியர் எழுதாத ஊசி போட்டவர் அதை மறைக்கவே கூடாது. அங்கே கேள்வி ஹோர்மோனைப் பற்றியது அல்ல, அந்த ஊசியை வேறு யாரும் பாவித்தார்களா என்பதைப் பற்றியது.

மற்ற மருந்துகளைப் பொறுத்தவரை ஒரு நியாயம் மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். மருந்து பெறுபவருக்குக் கேடு செய்யுமா, கொடுப்பவரின் நோய் அவரையே கீழே விழுத்துமா, பையில் உள்ள பகுதி வேலை செய்யாமல் போகுமா? இந்த மூன்றில் ஒன்றால்தான் தடை வருகிறது.

மூன்றாவதற்கு நல்ல உதாரணம் அஸ்பிரின். நீங்கள் கொடுக்கும் ஒரே பையைச் செங்குழியம், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரிக்கிறார்கள். அஸ்பிரின் பட்ட பிளேட்லெட் அதன் ஆயுள் முழுவதும், அதாவது ஏழு முதல் பத்து நாள் வரை, ஒட்டும் திறனை இழந்துவிடும். ஐந்து நாளுக்குள் அஸ்பிரின் குடித்திருந்தால் சொல்லுங்கள். உங்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள், பிளேட்லெட் எடுக்காமல் மற்றப் பகுதிகளைப் பயன்படுத்துவார்கள். இடுப்பு நோவுக்கு டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபன் குடித்தவருக்கு இரண்டு நாள் போதும். இதயத்துக்காக அஸ்பிரின், வார்ஃபரின் குடிப்பவரைத் தடுப்பது அந்த இதய நோய்தான்.

அன்டிபயோட்டிக்கை முடித்து, முழுச் சுகமாகி 14 நாள் போக வேண்டும். பிளேட்லெட் 20 முதல் 24 பாகை வெப்பத்தில் ஐந்து நாள் வைக்கப்படுகிறது. கொடுப்பவரின் இரத்தத்தில் ஒளிந்திருக்கும் சில கிருமிகள் அந்தச் சூட்டில் பெருகப் போதிய நேரம் அது.

பிரஷருக்கு அம்லோடிபின், லோசார்டன் குடிப்பவர், அளவு மாறாமல் 28 நாள் சென்று அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் கொடுக்கலாம். கொலஸ்ட்ரோல் குளிசை தடையில்லை. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் மட்டும் குடித்து, காலில் விறைப்பு, புண் எதுவும் இல்லாதவரை ஏற்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இன்சுலின் போடுபவர் கொடுப்பதில்லை. முட்டுக்கு இன்ஹேலர் பாவிப்பவர், அன்றைக்கு மூச்சு இழுக்காவிட்டால் சரி. பிரெட்னிசொலோன் குடிக்கும் நாட்களில் இல்லை. வலிப்புக்கு மருந்து குடிப்பவர் வேண்டாம், கொடுக்கும்போது வலிப்பு வந்தால் காயப்படுவது அவர்தான். நாய் கடித்து ஊசி போட்டவர் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க முன்கூட்டியே குளிசை குடிப்பவர் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்த மருந்து பரிசோதனையில் தொற்றுத் தெரிவதைத் தள்ளிப்போடும்.

முகாமுக்குப் போகும்போது குளிசையின் பெயரைச் சொல்லத் தெரியாவிட்டால் பட்டையையோ கிளினிக் கொப்பியையோ கொண்டுபோங்கள். அரச வைத்தியசாலையில் காகித உறைக்குள் போட்டுத் தரும் குளிசையை "வெள்ளைக் குளிசை, சின்னது" என்று சொன்னால் எந்த வைத்தியராலும் முடிவெடுக்க முடியாது. நாட்டு வைத்தியரின் சூரணம், லேகியம் என்றாலும் சொல்லுங்கள். வாசலில் நிற்கும் தொண்டரோடு கதையை முடிக்காமல், "வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கிறேன்" என்று உள்ளே போங்கள். படிவத்தைப் பார்த்து உங்களோடு தனியாகக் கதைத்து முடிவெடுப்பது இரத்த வங்கி வைத்தியர்தான், அவர் இங்கே எழுதியதைவிடக் கடுமையாக முடிவெடுத்தால் அவர் சொல்வதே சரி. முகாம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை ஆகியவற்றின் இரத்த வங்கியில் நேரே கேட்கலாம். அடையாள அட்டை வேண்டும், நிறை 50 கிலோ இருந்தால் நல்லது, முன்பு கொடுத்து நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும்.

அன்று காலை வழமைபோல் வெறும் வயிற்றில் தைரொக்சினைக் குடித்து, அரை மணித்தியாலம் கழித்து நன்றாகச் சாப்பிடுங்கள். எங்கள் வெயிலுக்கு அரை லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டு இரத்தம் கொடுக்கப் படுப்பது மயக்கத்தைத் தடுக்கும். நோன்பு காலத்தில் தம்பியின் நண்பர்கள் கொடுப்பதென்றால் நோன்பு திறந்து, சாப்பிட்ட பின் கொடுக்கட்டும்.

கொடுத்து முடிந்த பின் இரும்புக் குளிசை தந்தால் அதைத் தைரொக்சினோடு சேர்த்துக் குடித்துவிடாதீர்கள். இரும்பு தைரொக்சினைப் பிடித்துக்கொண்டு குடலிலேயே நின்றுவிடும். காலையில் தைரொக்சின், நான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு இரும்பு. ஒரு தோடம்பழத்தோடு மத்தியானம் குடிப்பது சரியாக வரும்.