திருமணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்று நிக்காஹ்வுக்கு முன்பே நிபந்தனை வைப்பது முஸ்லிம் பெண்ணுக்குத் தகுமா?

தாராளமாக வைக்கலாம். பெண் பார்த்துப் போய், நிச்சயத்துக்கு நாள் குறிக்காத நிலையில் இதைக் கேட்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். நிச்சயம் முடிந்துவிட்ட வீடுகளில் இப்படியொரு பேச்சை எடுக்க மணப்பெண்ணுக்குத் துணிவு வருவதில்லை. நான் மார்க்கக் கல்வி கற்ற ஆலிமா அல்லள், தக்கலைக்கு அருகில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறவள். ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, வேண்டுவோர் மார்க்க அறிஞர்களான உலமாக்களிடம் செல்லட்டும். எனக்கு நேர்ந்ததையும் அதையொட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

நிக்காஹ் நம் மார்க்கத்தில் ஓர் ஒப்பந்தம். நிறைவேற்றப்படுவதற்கு எல்லாவற்றையும்விடத் தகுதியானவை திருமணத்தின்போது ஒப்புக்கொள்ளப்பட்ட நிபந்தனைகளே என்ற பொருளில் நபிமொழி உண்டு. புகாரி, முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்புகள் இரண்டிலும் அது பதிவாகியிருக்கிறது. ஒப்புக்கொண்டதைக் கணவன் மீறினால் மணமுறிவு கோரும் உரிமையை, மார்க்கச் சட்ட வழிகளில் ஒன்றான ஹன்பலி மத்ஹபு மனைவிக்கு அளிக்கிறது. நம் மாவட்டத்தில் பின்பற்றப்படும் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகள் அவ்வளவு தூரம் போவதில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து அதை எனக்கு நினைவூட்டுவார்கள். ஆனால் கொடுத்த வாக்கை மீறுவது நல்லது என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை.

என் திருமணப் பேச்சின்போது மாப்பிள்ளை சவூதியின் தம்மாமில் வேலையில் இருந்தார். நான் தொடர்ந்து பள்ளிக்குப் போவதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று அவர் வீட்டார் வாயளவில் சொல்லியிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்த நிச்சயத்தன்று என் பெரிய மாமா, அந்த வாக்கைப் பள்ளிவாசல் ஜமாஅத்தின் திருமணப் பதிவேடான நிக்காஹ் தப்தரில், மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹருக்குக் கீழே ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாமே என்றார். அதுவரை கலகலப்பாக இருந்த கூடம் அமைதியாகிவிட்டது. இதென்ன வாடகை வீட்டுக்கு எழுதும் பத்திரமா என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டது உள்ளறையில் இருந்த எனக்கும் கேட்டது. உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, போதும், விட்டுவிடச் சொல் என்றார். மாமா விடவில்லை. இத்தனை பவுன், இன்ன வாகனம் என்று அவர்கள் ஒரு தாளில் எழுதியனுப்பிய பட்டியலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்து, இதை எழுதும்போது வராத கூச்சம் அதை எழுதும்போது மட்டும் ஏன் வருகிறது என்று கேட்டார். பள்ளிவாசல் கத்தீபு அவர்கள் சற்று யோசித்துவிட்டு, இதில் மார்க்கத்துக்கு முரணானது எதுவும் இல்லை என்று சொல்லி, நிக்காஹ் அன்று அந்த வரியைத் தம் கையாலேயே எழுதினார்.

அந்தப் பட்டியல் இன்றும் என்னை உறுத்துகிறது. பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்து கொடுத்துவிடுங்கள் என்று குர்ஆன் கூறுகிறது (4:4). 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரைத் தன் தடைக்கு வெளியே வைத்து, வரதட்சணை வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. இப்படி மார்க்கமும் சட்டமும் ஒத்துச்சொல்லும் ஒரு விஷயத்தில் நாம் இரண்டையும் மீறுகிறோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லாச் சமூகத்தாரும் பவுன் கணக்குப் பேசுகிறார்கள், எங்களை மட்டும் ஏன் சொல்கிறாய் என்பார்கள். மற்றவர்களைப் பற்றி இங்கே யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எழுதிய வரிக்குப் பயன் பின்னால்தான் தெரிந்தது. முதல் பிள்ளை பிறந்ததும், வேலையை விட்டுவிடலாமே என்று மாமி சொன்னார். அவர் கொடுமைக்காரர் அல்லர். குழந்தையை நினைத்துத்தான் சொன்னார். என் கணவர் தொலைபேசியில், தப்தரில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் உம்மா என்று ஒரே வார்த்தை சொன்னார். நான் வாதாடவும் அழவும் வேண்டியிருக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீடுதான் பெண்ணுக்குரிய இடம் என்று நம்பிய அதே மாமிதான், மாமனார் வளைகுடாவில் இருந்த காலமெல்லாம் வங்கிக்குப் போய், கொத்தனாரோடு மல்லுக்கட்டி, இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டைக் கட்டி முடித்தவர். குளச்சல், திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம் எங்கும் இப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். சம்பளம் வராததால் அதற்கு வேலை என்று பெயரில்லை, அதனால் யாரும் அதைத் தடுப்பதும் இல்லை. ஆண்கள் பெண்களை நிர்வகிப்பவர்கள் என்று தொடங்கும் வசனத்தை (4:34) மேற்கோள் காட்டுகிறவர்கள், ஆண்கள் தங்கள் செல்வத்திலிருந்து செலவு செய்கிறார்கள் என்று அதே வசனம் கூறும் காரணத்தையும் சேர்த்துப் படிக்கட்டும். மனைவி சம்பாதித்தாலும் அவளைப் பராமரிக்கும் கடமை கணவனைவிட்டு நீங்குவதில்லை. பெண்கள் சம்பாதித்தது பெண்களுக்கே என்று 4:32 கூறுகிறது. ஆசிரியை என்பதால் பவுனைக் குறைத்துக்கொள்கிறோம் என்று பேரம் பேசும் வீடுகள் என் கணக்கில் அவள் சம்பாத்தியத்தைத் தங்களுடையதாக எண்ணும் தவறைச் செய்கின்றன.

நான் மார்க்கத்தை விமர்சிக்கிறேன் என்று சிலருக்கும், பூசி மெழுகுகிறேன் என்று வேறு சிலருக்கும் தோன்றும். 22 ஆகஸ்ட் 2017 அன்று உச்ச நீதிமன்றம் முத்தலாக்கைச் செல்லாது என்றதும், 2019இல் அதை மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிச் சட்டம் வந்ததும் நாடெங்கும் விவாதிக்கப்பட்டன. எங்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் மணமுறிவிலிருந்தே தொடங்குகிறார்கள். மணநாளன்று தப்தரில் என்ன எழுதலாம் என்பதைப் பள்ளிவாசலுக்கு உள்ளேயும் வெளியேயும் எவரும் பெண்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

உங்கள் வாப்பாவிடமோ மாமாவிடமோ இப்போதே பேசி, மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் பேச்சுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வேலைக்குப் போக அனுமதிக்கிறேன் என்று எழுதினால் அனுமதியைத் திரும்பப் பெறவும் வழியிருக்கும். ஆகவே தடை செய்யமாட்டேன் என்றே எழுதக் கேளுங்கள், வேலை மாற்றலாகும் என்றால் அதையும் சேருங்கள். தப்தரின் அந்தப் பக்கத்துக்கு ஜமாஅத் முத்திரையுடன் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லா மதத்தாரும் 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஜமாஅத்தில் எழுதியதே போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதையும் தனியாகச் செய்துவிடுங்கள்.