சிஏஎச் அடுத்த புள்ளைக்கும் வருமா? கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

கிருஷ்ணகிரியில 22 வருஷமா மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், டாக்டர் இல்ல. பொண்ணுக்கு 15 வயசு, பொறந்த பன்னெண்டாம் நாள்ல இருந்து சிஏஎச்-க்கு (பொறவியிலேயே வர்ற அட்ரினல் சுரப்பிக் கோளாறு) மாத்திரை. அவளுக்கு முன்ன ஒரு பையன், 17 நாள்ல போயிட்டான். வாந்தி வாந்தியா எடுத்தான், தொக்கம் எடுக்க தூக்கிட்டு ஓடினோம், என்னன்னு தெரியாமலே போச்சு. இதைப் பத்தி படிக்க ஆரம்பிச்சது அதனாலதான்.

பாலக்கோட்டு தங்கச்சி: அண்ணா, மூத்த பொண்ணுக்கு சிஏஎச், உப்பு இறங்குற வகை. இப்ப மறுபடி ரெண்டு மாசமா இருக்கேன். இதுக்கும் வந்துருமோன்னு தூக்கமே இல்லண்ணா. மாமியார் வேற என் வீட்டு ரத்தம்னு சொல்லிக் காட்டுறாங்க.

முதல்ல மாமியார் விஷயம். இது ஒரு பக்கத்து ரத்தத்துல வராதும்மா. ஒவ்வொரு ஜீனும் நம்மகிட்ட ரெண்டு காப்பி இருக்கும். உன்கிட்ட அதுல ஒரு பழுது காப்பி, உன் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு, ரெண்டும் சேர்ந்தாத்தான் நோய். அவர்கிட்ட இருக்குறது அவரோட அப்பா வழியாவோ அம்மா வழியாவோதான் இறங்கியிருக்கும், இதை சண்டை போடாம சொல்லு.

நோய் என்னன்னா, கிட்னி மேல தொப்பி மாதிரி அட்ரினல் சுரப்பி. நம்ம மாங்கூழ் ஃபேக்டரியில கூழ் லைன் அடைச்சுக்கிச்சுன்னு வை, லாரி மட்டும் வந்துகிட்டே இருக்கு, பழம் எல்லாம் ஊறுகாய் பக்கம் தள்ளிடுறாங்க. கார்டிசால் (உடம்பு நோயைத் தாங்க வேண்டிய ஹார்மோன்) செய்ற என்சைம் (21 ஹைட்ராக்சிலேஸ்) வேலை செய்யலைன்னா மூளை இன்னும் செய் இன்னும் செய்னு விரட்டும், சரக்கு எல்லாம் ஆண் ஹார்மோன் பக்கம் திரும்பிடும். உப்பை பிடிச்சு வைக்கிற ஹார்மோனும் இல்லாததால உப்பு மூத்திரத்துல போயிடும். பொம்பளைப் புள்ளைன்னா பொறப்புறுப்பு மாறியிருக்குறதைப் பாத்து சந்தேகம் வரும், பையன் பாக்க நல்லா இருப்பான், ரெண்டு வாரத்துல சுருண்டுருவான். என் பையனுக்கும் அதாத்தான் இருந்திருக்கும்னு படிச்சப்புறம்தான் புரிஞ்சுது.

வாய்ப்பு நாலுல ஒண்ணு. முதல் புள்ளைக்கு வந்துருச்சு, இனி மூணுக்கு வராதுன்னு கணக்கு போடாதே, ஒவ்வொரு தடவையும் புதுசா நாலுல ஒண்ணு. உடனே மூத்தவளுக்கும் உங்க ரெண்டு பேருக்கும் ஜீன் டெஸ்ட் கேளு. ரிப்போர்ட் கையில இருந்தா 11ல இருந்து 13 வாரத்துக்குள்ள நச்சுக்கொடித் துணுக்கு எடுத்துப் பாக்கலாம். ஆணா பொண்ணான்னு மட்டும் கேட்டுறாதே, 1994 சட்டப்படி குத்தம், பொண்ணுன்னா அழிக்கிறதுக்கு நம்ம பக்கம் இருக்குற கெட்ட பேர் தெரியும்ல. டெஸ்ட் வேண்டாம்னு முடிவு பண்ணாலும் தப்பில்ல, பிரசவத்துக்கு முன்னாடியே குழந்தை டாக்டர்கிட்ட சொல்லி வை, பொறந்து ரெண்டு மூணு நாள்ல குதிகால்ல ரத்தம் எடுத்து 17 ஓஎச்பி (இந்த நோய் இருந்தா ரத்தத்துல தேங்குற ஹார்மோன்) பாப்பாங்க, அதோட சோடியம் பொட்டாசியம். கர்ப்பத்துல டெக்சா (டெக்சாமெத்தசோன், ஒரு ஸ்டீராய்டு) மாத்திரை போட்டா சரியாயிடும்னு வாட்ஸ்ஆப்ல சுத்துது, அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு, நீயா வாங்கிப் போடாதே.

ஊத்தங்கரை: எனக்கு தைராய்டு, புள்ளைக்கு வருமா?

அது வேற நோய்ங்க. குடும்பத்துல ஓடும், ஆனா நாலுல ஒண்ணுன்னு கணக்கெல்லாம் இல்ல. மாசமா இருந்தா மாத்திரையை நிறுத்தாதீங்க, டோஸ் ஏத்த வேண்டியிருக்கும், டிஎஸ்எச் (தைராய்டு ரத்த டெஸ்ட்) பாருங்க.

ஓசூர் தம்பி: எனக்கே சிஏஎச், வயசு 26. பொண்ணு பாக்குறாங்க. என் குழந்தைக்கு வருமாண்ணா?

உன்கிட்ட ரெண்டு காப்பியும் பழுது, அதுல ஒண்ணு கண்டிப்பா போகும். வர்ற பொண்ணுகிட்ட பழுது இல்லைன்னா குழந்தைக்கு நோய் வராது, காப்பி மட்டும் சுமக்கும். அவகிட்டயும் ஒண்ணு இருந்தா பாதிக்குப் பாதி. அதனால நிச்சயத்துக்கு முன்ன டெஸ்ட் எடுக்கச் சொல்லு, மறைச்சு கட்டாதே. இன்னொண்ணு, மாத்திரையை ஒழுங்கா போடாத ஆம்பளைங்களுக்கு விதையில அட்ரினல் கட்டி வந்து குழந்தையே நிக்காம போகலாம், ஸ்கேன் எடுத்து பாத்துக்கோ. மாத்திரை போடுறியா இல்லையான்னு சொல்லவே இல்லையே நீ?

அரூர்: பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கு, அதுவும் இதானா?

பெரும்பாலும் இல்ல. லேசான வகை சிஏஎச் அப்படியே பிசிஓடி மாதிரி தெரியும், காலையில 17 ஓஎச்பி ஒரு தடவை பாக்கச் சொல்லி லேடி டாக்டர்கிட்ட கேளுங்க.

காவேரிப்பட்டணத்து மாமா: அக்கா மகளைக் கட்டுறது நம்ம வழக்கம். நாலு தலைமுறையா கட்டுறோம், ஒரு புள்ளைக்கும் ஒண்ணும் இல்ல. ஏன்பா பயமுறுத்துறீங்க?

மாமா, நானே மாமன் மகளைத்தான் கட்டுனேன், உங்க மேல கல்லெறிய எனக்கு யோக்யதை இல்ல. ஆனா ஒண்ணும் இல்லைன்னு எப்படி சொல்றீங்க? உங்க ஆயாவுக்கு எத்தனை புள்ளை பொறந்துச்சு, எத்தனை தங்குச்சுன்னு கேட்டிருக்கீங்களா? என் ஆயாவுக்கு ஒம்போது, தங்குனது அஞ்சு. மத்த நாலு எதனால போச்சுன்னு யாருக்கும் தெரியாது.

மாமா: அந்தக் காலத்துல எல்லா வீட்லயும்தான் போச்சு. வெளியில கட்டுனவனுக்கு வரலியா?

வருது, இல்லைன்னு சொல்லல. ஐசிஎம்ஆர் (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) அஞ்சு ஊர்ல ஒரு லட்சத்துக்கு மேல பொறந்த குழந்தைங்களுக்கு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, மொத்தத்துல 5762க்கு ஒண்ணு, சென்னையில மட்டும் 2036க்கு ஒண்ணு. சொந்தத்துல என்ன ஆகுதுன்னா, தாத்தாகிட்ட இருந்த ஒரே பழுது காப்பி மகன் வழியா ஒண்ணு மகள் வழியா ஒண்ணுன்னு இறங்கி பேரப்புள்ளைகிட்ட வந்து சேந்துக்கும். அக்கா மகளைக் கட்டுனா ஒரு ஜீன் அப்படி ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல இருந்து வர எட்டுல ஒண்ணு, மாமன் மக அத்தை மகன்னா பதினாறுல ஒண்ணு.

பென்னாகரம்: அதெல்லாம் சும்மா, நிலம் பிரியக்கூடாதுன்னுதான் கட்டுறாங்க.

மாமா: உனக்கு நிலம் இருக்காப்பா முதல்ல?

ரெண்டு பேரும் நிறுத்துங்க. நான் உறவை அறுக்கச் சொல்லல. வீட்ல கைக்குழந்தை காரணம் தெரியாம போயிருந்தா, இல்ல சிஏஎச் இருந்தா, ஜாதகம் பாக்குற செலவோட ரத்தத்தையும் பாருங்க. அவ்ளோதான் மாமா.

பர்கூர்: நாட்டு மருந்துல சரியாகுமா? ஸ்டீராய்டுன்னு பயமா இருக்கு, ரெண்டு நாளா நிறுத்திட்டேன்.

ஐயோ. இப்பவே போட்டுட்டு டாக்டருக்கு போன் பண்ணுங்க. உடம்பு செய்யாததைத்தான் வெளியில இருந்து கொடுக்குறோம், நிறுத்துனா உசுருக்கு ஆபத்து.

மத்தூர்: தைராய்டு இருந்தா...

மேல பாருங்க.

தேன்கனிக்கோட்டை: புள்ளைக்கு சிஏஎச், காய்ச்சல், ரெண்டு தடவை வாந்தி, மாத்திரை தங்கல, என்ன பண்ண?

டைப் பண்ணாதீங்க, 108 கூப்பிடுங்க. ஹைட்ரோகார்டிசோன் ஊசி வீட்ல இருந்தா போட்டுட்டே கிளம்புங்க, போனதும் முதல் வார்த்தையா சிஏஎச்னு சொல்லுங்க. மத்தவங்களும் கேட்டுக்கோங்க, வெறும் காய்ச்சல்னா டாக்டர் எழுதித் தந்த காய்ச்சல் டோஸ், வழக்கமா ரெண்டு மூணு மடங்கு. வாந்தின்னா ஊசிதான், காத்திருக்கக் கூடாது.

பாலக்கோட்டு தங்கச்சி: அண்ணா, பத்து மில்லிகிராம் மாத்திரையை நாலா உடைக்கிறப்ப தூளாயிடுது, எப்படி கொடுக்குறது?

புது பிளேடு, வெள்ளைத் தாள் மேல வச்சு ஒரே அழுத்து. தூள் தாள்லயே நிக்கும், ஸ்பூன்ல தட்டி ரெண்டு சொட்டு தண்ணி. மிச்சத்தை காத்துப்படாம டப்பாவுல போடு. என் பொண்ணு இப்ப அவளே உடைச்சுக்கிறா, என்னை விட நேரா.

கடைக்கு ஆள் வந்துட்டாங்க, ராத்திரி பாக்குறேன். தேன்கனிக்கோட்டை, போய் சேந்ததும் ஒரு வார்த்தை போடுங்க.