குளிரில் லாரி ஸ்டார்ட் ஆகத் திணறுகிறதா: எர்த்தைப் பாருங்கள்

பேட்டரியை மறுபடி மாற்றாதீர்கள், முதலில் எர்த் கேபிளை (பேட்டரி நெகட்டிவை சேசிஸோடும் இன்ஜினோடும் இணைக்கும் கேபிள்) சோதியுங்கள். இரண்டு பேட்டரியும் புதுசு, ஊட்டியில் விடியற்காலை மட்டும் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, மதியம் சரியாக இருக்கிறது என்கிறீர்கள். குளிரில் ஆயில் கெட்டியாகி செல்ஃப் கூடுதல் கரண்ட் கேட்கும். துருப்பிடித்த எர்த் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனை சேசிஸ் எர்த் போகும் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில் (அதில் மாட்டியிருக்கும் கேபிள் கிளிப்பில் வைத்தால் பயனில்லை), மற்றது இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரியிலிருந்து சேசிஸ், சேசிஸிலிருந்து இன்ஜின், இரண்டு எர்த்தையும் கழற்றி எமரி பேப்பரால் தேய்த்து இறுக்குங்கள்.

அதற்குக் கீழே இருந்தால் எர்த் சரி. செல்ஃப் சுற்றும்போது ஒவ்வொரு பேட்டரியையும் தனியாக அளங்கள், 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவது புதுசானாலும் சந்தேகத்துக்குரியதே.

இன்ஜினுக்குள் போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள வண்டியில், சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும் என்று ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீர்கள், தீப்பிடித்து வெடிக்கலாம்.