முகம் மாறினால் கதவு மூடிவிடும்

கேள்வி: அக்கா, உளவளத்துணை டிப்ளோமா படிக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு நிலையத்தில் இப்போது பயிற்சி. போன மாதம் வந்த ஒருவர், மனைவியை அடிப்பதாகத் தன் வாயாலேயே சொன்னார். வகுப்பில், வருபவரைத் தீர்ப்பிடாமல் 'ஏற்றுக்கொள்ளல்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், ஆனால் அந்த நேரம் வந்தது வெறுப்புத்தான். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தால் நானும் அதற்குத் துணைபோனதாக ஆகாதா?
- பயிற்சி மாணவி, தெஹிவளை

பதில்: தங்கச்சி, வெறுப்பு வந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதுவே நல்ல தொடக்கம். (அவரை யாரென்று காட்டக்கூடிய விபரங்களைக் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். வெள்ளவத்தையில் ஒரு தொழிலும் ஒரு ஒழுங்கையின் பெயரும் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.)

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு இளைஞர் வந்தார். படுக்கையில் கிடக்கும் அப்பாவைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர். ஊட்டிய சோற்றை அப்பா துப்பியதும் கன்னத்தில் அறைந்துவிட்டேன் என்றார். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஆனால் எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றுவிட்டது. அவர் பேனையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், மடியில் இருந்த ஈரக் குடையின் பட்டியை இறுக்கிக் கட்டினார். "ஒரே ஒருதரம்தான் மிஸ்" என்றார். மிச்ச நேரம் முழுக்க கந்தோரில் லீவு கிடைக்காததைப் பற்றித்தான் கதைத்தார். அடுத்த கிழமை வரவில்லை, பிறகும் வரவில்லை. அந்த அப்பாவுக்கு என்ன ஆனது என்பதை எனக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆளை நான்தான் வாய்மூட வைத்தேன். இத்தனை வருடம் கழித்தும் அது உறுத்துகிறது.

ஆகவே ஏற்றுக்கொள்வது துணைபோவது இல்லை, அது இல்லாவிட்டால்தான் உண்மை வெளியே வராமல் போகும். சமூகப்பணியில் இந்தக் கோட்பாட்டை வகுத்த ஃபீலிக்ஸ் பீஸ்டெக் ஒரு பாதிரியார். சரி பிழை பார்க்காதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவரே 1957இல் எழுதியது, ஏற்றுக்கொள்வது என்றால் செய்ததைச் சரியென்று சொல்வது அல்ல, எதிரில் இருக்கும் மனிதரை உள்ளபடி எடுத்துக்கொள்வது என்பதுதான். அதே வருடம் கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒருவர் மாறுவதற்கு வேண்டிய 6 நிபந்தனைகளை எழுதினார். நிபந்தனையற்ற ஏற்பு அதில் ஒன்று. ஆனால் அது முழுசாக எப்போதும் யாருக்கும் வாய்ப்பதில்லை, கூடக்குறைய இருக்கும் என்பதையும் அவரே அங்கே ஒத்துக்கொள்கிறார். அதனால் ஒரு நாள் வெறுப்பு வந்ததற்காக இந்த வேலைக்கு நான் சரிவரமாட்டேன் என்று முடிவெடுக்க வேண்டாம்.

வெறும் தலையாட்டலையும் ஏற்பு என்று நினைக்காதீர்கள், பல நேரம் அது பயம். நேரே கேளுங்கள்: கை ஓங்குவதற்கு முந்திய நிமிடம் என்ன நடந்தது? அவ இப்போது பாதுகாப்பாக இருக்கிறாவா? பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்களா? அடிப்பது குற்றம், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி மனைவி நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதையும் குரலை உயர்த்தாமல் அவரிடமே சொல்லலாம். ஆளை மதித்துக்கொண்டே இதைச் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் இரகசியம் காக்க முடியாது என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையா, அடுத்த அமர்வை அதிலிருந்தே தொடங்குங்கள். மனைவி உதவி கேட்டு வந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தைக் கொடுங்கள். உங்கள் வெறுப்பை மட்டும் அவர் முன்னால் வைக்காதீர்கள், மேற்பார்வையாளரிடம் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் முறைப்படி இன்னொருவரிடம் ஒப்படையுங்கள், நேரமில்லை என்று சாட்டுச் சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டாம்.

கேள்வி: வேறு மதத்துப் பையனைக் கல்யாணம் கட்ட விருப்பம். குழப்பமாக இருந்ததால் ஒரு உளவளத்துணையாளரிடம் போனேன். உட்கார்ந்ததும் "சொந்த இடம் எது, அப்பா யார்?" என்று கேட்டார். பிறகு அம்மாவின் கண்ணீரை நினைத்துப் பாருங்கள் என்றார். நான் திரும்பப் போக வேண்டுமா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அவரிடம் போக வேண்டாம். கொழும்பில் தமிழர் இரண்டு பேர் சந்தித்தால் சொந்த இடம் கேட்பது வழக்கம்தான், ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் சாதியும் வரும், மலையகமா யாழ்ப்பாணமா என்பதும் வரும். அந்த அறைக்குள் அது வந்துவிட்டால் நீங்கள் நீங்களாக உட்கார முடியாது. அம்மாவின் கண்ணீர் உங்களுக்குத் தெரியாததா? அதை எண்ணித்தானே குழம்பிப்போய் அங்கே போனீர்கள்! முடிவு உங்களுடையது, அதை யோசிக்க இடம் தருவதுதான் அவருடைய வேலை. வேறொருவரைப் பாருங்கள், முதல் ஐந்து நிமிடத்திலேயே "நான் என்ன முடிவெடுத்தாலும் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.