நைரோபியா, அடிஸ் அபாபாவா: ஆபீஸ் போனுக்கு எங்கே செலவு குறைவு?

கேள்வி: கென்யா, எத்தியோப்பியா இரண்டிலும் சின்ன அலுவலகம் திறக்கப்போகிறோம். தொலைபேசி இணைப்புக்கு எந்த நாட்டில் செலவு குறைவு?

கென்யத் தலைநகர் நைரோபியில் கணக்கு வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனிக்கு எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவிலும் கிளை உண்டு. இரண்டு ஊர் போன் பில்லும் என் மேசைக்குத்தான் வரும். எங்கள் பில்லைப் பார்த்தால் அடிஸ்தான் குறைவு. ஆனால் அந்தப் பதிலோடு போய்விடாதீர்கள்.

முதலில், டாலரில் ஒப்பிடாதீர்கள். 2024 தொடக்கத்தில் டாலர் 160 கென்ய ஷில்லிங் வரை போய், சில மாதங்களில் 130-க்கு இறங்கியது. அதே ஆண்டு ஜூலை கடைசியில் எத்தியோப்பிய அரசு தன் நாணயமான பிர்ரின் மதிப்பைச் சந்தையின் போக்கில் விட்டது. 57 பிர்ராக இருந்த டாலர் சில வாரங்களில் 100-ஐத் தாண்டியது. பில்லில் பெரிய மாற்றமே இல்லை. டாலர் கணக்கில் மட்டும் நைரோபி கால் பங்கு ஏறிவிட்டது, அடிஸ் பாதிக்குப் பக்கமாக இறங்கிவிட்டது. அங்கே எப்படி மிச்சம் பிடித்தீர்கள் என்று மேலிடத்தில் கேட்டார்கள். நான் எங்கே பிடித்தேன்!

அடுத்தது வரி. கென்யாவில் போன் சேவைக்கு 15% கலால் வரி, அதையும் சேர்த்த தொகைமேல் 16% வாட். வரி சேர்க்காமல் 100 ஷில்லிங் என்று கொட்டேஷன் வந்தால் கையை விட்டுப் போவது 133. எத்தியோப்பியாவில் வாட் 15%.

விற்பவர் யார் என்பதில்தான் பெரிய வித்தியாசம். நைரோபியில் செம்புக் கம்பித் திருட்டே பழைய லேண்ட்லைனைப் பாதி கொன்றுவிட்டது. இப்போது ஃபைபர் இணைப்போடு போன் எண்ணும் வாங்கிக்கொள்கிறோம். விற்பவர்கள் பலர் என்பதால் மூன்று கொட்டேஷன் வாங்கிப் பேரம் பேசலாம். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்தக் கட்டடத்துக்குள் எந்தெந்த நிறுவனத்தின் கேபிள் வருகிறது என்று கேளுங்கள். எங்கள் பழைய கட்டடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. நாங்கள் வாங்கி வைத்த மற்ற கொட்டேஷன்கள் குப்பைக்குப் போயின.

அடிஸில் பேரத்துக்கு இடமில்லை. 2022 அக்டோபரில் கென்யாவின் தொலைபேசி நிறுவனமான சஃபாரிகாம் அங்கே நுழையும்வரை அரசின் எத்தியோ டெலிகாம் ஒன்றுதான். விலைப்பட்டியலில் உள்ளதைக் கட்ட வேண்டியதுதான். அந்தப் பட்டியலும் மோசமில்லை. போட்டி வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 2018 ஆகஸ்டில், மொபைல் அழைப்புக் கட்டணத்தை 40% குறைத்தார்கள்.

அங்கே லேண்ட்லைன் ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். 2020 ஜூன் கடைசியில் பாடகர் ஹச்சாலு ஹுந்தேசா கொல்லப்பட்ட கையோடு நாடு முழுவதும் இணையத்தை நிறுத்தினார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. எங்கள் கிளையோடு பேச அந்தப் பழைய மேசைப் போன்தான் உதவியது. அதன் மாத வாடகையைப் பற்றி இன்றுவரை யாரும் என்னிடம் கேள்வி கேட்டதில்லை.

இரண்டு கொட்டேஷனையும் உள்ளூர்ப் பணத்தில், வரியோடு வாங்குங்கள். கூடவே, இரண்டு அலுவலகமும் ஒன்றோடொன்று எவ்வளவு நேரம் பேசும் என்று ஒரு கணக்குப் போடுங்கள். கென்யா, உகாண்டா, ருவாண்டா, தெற்கு சூடான் நாடுகள் தங்களுக்குள் ரோமிங் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டன. எத்தியோப்பியா அதில் இல்லை. நைரோபி–அடிஸ் அழைப்பு வெளிநாட்டு அழைப்புதான், எங்கள் பில்லில் பெரிய தொகை அதுவே. இணையம் இருக்கிற நாளில் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்கிறோம்.