கூடைப்பந்து கேள்வி–பதில்: 18 புள்ளிக்கு எத்தனை ஷொட்?

கேள்வி: எங்கள் 16 வயதுக்குட்பட்ட அணியில் ஒரு மாணவன் ஆட்டத்துக்கு 18 புள்ளி எடுக்கிறான். இன்னொருவன் 12ஐத் தாண்டுவதில்லை. இருவருக்கும் 15 வயது. யாரை முன்னுக்கு வைத்து வளர்ப்பது?
– பாடசாலைப் பயிற்றுநர், பரந்தன்

பதில்: 18 புள்ளிக்கு எத்தனை ஷொட் போட்டான் என்று நீங்கள் எழுதவில்லையே, ஐயா. அதுதான் முதலில் தெரியவேண்டும். வாங்கிலில் இருக்கும் பிள்ளை ஒன்றிடம் ஒரு கொப்பியைக் கொடுத்துவிடுங்கள். விழுந்தாலும் தவறினாலும் களத்தில் போட்ட ஷொட், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் எறிதல்), அசிஸ்ட் (மற்றவன் புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ்), பந்தைப் பறிகொடுத்தது என்று நாலு நிரல் போதும். கணக்கு இதுதான்: ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44 ஆல் பெருக்கிக் களத்து ஷொட்களோடு கூட்டுங்கள், அதை இரட்டிப்பாக்குங்கள், எடுத்த புள்ளியை அதால் வகுங்கள். 20 ஷொட், 4 ஃப்ரீ த்ரோவில் 18 புள்ளி என்றால் 41 சதவீதம். 8 ஷொட், 3 ஃப்ரீ த்ரோவில் 12 புள்ளி என்றால் 64 சதவீதம். உங்கள் கொப்பியும் இப்படிக் காட்டினால், முதலாமவன் அணியின் பந்தைத் தின்றுதான் 18 எடுக்கிறான்.

அதற்காக இரண்டாமவனை உடனே தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம். அவனுடைய எட்டு ஷொட்டும் வளையத்துக்குக் கீழே நின்று, மற்றவன் தவறவிட்ட பந்தைப் போட்டதாகவும் இருக்கலாம். ஒவ்வொரு ஷொட்டுக்கும் பக்கத்தில், பாஸ் வாங்கிப் போட்டதா, தானே தட்டிக்கொண்டு போய்ப் போட்டதா என்று ஓர் அடையாளம் இடச் சொல்லுங்கள். ஐந்து ஆட்டம் முடிய ஆள் யாரென்று விளங்கிவிடும்.

த்ரீ பொயின்ட் எண்ணிக்கையை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். 20 எறிந்து 8 விழுந்தால் 40 சதவீதம் என்று ஊரெல்லாம் சொல்கிறோம். உண்மையில் 30 சதவீதக் கைக்காரனுக்கும் ஏறத்தாழ நாலு தடவைக்கு ஒரு தடவை 20இல் எட்டோ அதற்கு மேலோ விழும். ஆகவே ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். பலகையிலிருந்து 4.6 மீற்றர், மறிக்க ஆளில்லை, கை எப்படிப்பட்டது என்று அங்கே ஒளிக்க முடியாது. நூறு தொடர்ந்து எறிய விடாதீர்கள். ஆட்டத்தில் இரண்டு இரண்டாகத்தானே கிடைக்கிறது? களத்தின் நீளத்துக்கு ஒருமுறை ஓடி வந்து இரண்டு எறிதல், பிறகு மறுபடி ஓட்டம். நாளுக்கு 20, ஐந்து நாளில் 100. சோளகம் வீசும் மாதங்களில் காலையில், காற்று எழும்ப முன்னம் செய்யுங்கள். பாதியை ஒரு வளையத்திலும் பாதியை எதிர் வளையத்திலும் போடுங்கள். இல்லாவிட்டால் பையனை விட்டுக் காற்றை அளந்ததாகத்தான் முடியும். கிரவல் நிலத்தில் பந்து தட்டவைத்து யாரையும் தள்ளிவிடாதீர்கள். கல்லில் பட்டுப் பந்து விலகினால் அது கையின் பிழையல்ல.

இனிக் கொப்பியில் வராத ஒன்று. பந்து கைக்கு வரும் கணத்தில் அவன் காலைப் பாருங்கள். முழங்கால் ஏற்கெனவே மடிந்து, பாதம் வளையத்தை நோக்கித் திரும்பியிருந்தால் பந்து வந்ததும் ஷொட் போய்விடும். நிமிர்ந்து நின்று பந்தைப் பிடித்து, பிறகு குனிந்து எழும்புகிறவனுக்குச் சிறிய ஆட்டங்களில் அந்த அவகாசம் கிடைக்கும். கொஞ்சம் விரைவான எதிரணி வந்தால் முகத்துக்கு முன்னால் ஒரு கை நிற்கும்.

வயது 15 என்றீர்கள், பிறந்த மாதத்தையும் பாருங்கள். ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் இந்த வயதில் ஓர் ஆண்டு என்பது பெரிய இடைவெளி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலையில், சப்பாத்தைக் கழற்றி, குதி சுவரில் முட்ட நிறுத்தி உயரத்தைக் குறியுங்கள். மாலையில் அளந்தால் ஒரு சென்ரிமீற்றர் வரை குறைத்துக் காட்டும். ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் 14ஐ ஒட்டித்தான் மளமளவென்று வளர்வார்கள். ஆண்டுக்கு 8, 9 சென்ரிமீற்றர் ஏறும் அந்தக் காலத்தில் நேற்று விழுந்த ஷொட் இன்று விழாது, கால் தடுக்கும். அதை மடித்தனம் என்று ஏசக்கூடாது. முழங்காற் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து நொந்தால் பாய்ச்சல் பயிற்சியைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ந்து முடிந்ததால் இன்று முந்தி நிற்கிறவனைவிட, இன்னும் வளர இருக்கிற, 64 சதவீதக்காரன்மேல்தான் நான் நேரத்தைச் செலவழிப்பேன்.

கேள்வி: அமெரிக்க என்பிஏயில் இளம் வீரருக்கு டிரேட் (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்வது) பெறுமதி எப்படிப் போடுகிறார்கள்? 2022இல் சாக்ரமென்டோ அணி ஹாலிபர்ட்டனை இந்தியானாவுக்குக் கொடுத்தது பிழைதானே?
– வாசகர், வவுனியா

பதில்: அங்கே ஆட்டத்தோடு சம்பளத்தையும் சேர்த்துத்தான் எடைபோடுகிறார்கள். டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய வீரர்களை முறைபோட்டுத் தெரிவதில், முதற் சுற்றில் தெரிவானவருக்குச் சம்பளம் அட்டவணைப்படி: இரண்டு ஆண்டு உறுதி, மூன்றாம் நான்காம் ஆண்டு அணியின் விருப்பம். அது முடிந்தாலும் வேறு அணி தரும் விலையைச் சமப்படுத்தி, பழைய அணியே அவரை வைத்துக்கொள்ள வழியுண்டு. ஆகவே இரண்டாம் ஆண்டில் நன்றாக ஆடும் பையன், மலிவு விலையில் இன்னும் இரண்டரை ஆண்டு. நான்காம் ஆண்டில் அதே ஆட்டத்தோடு நின்றால் பெறுமதி இறங்கும், ஏனென்றால் வாங்குகிறவர் உடனே பெரிய ஒப்பந்தம் போடவேண்டும். ஒப்பந்த நீட்டிப்பில் வீரர் கையெழுத்திட்டு அது தொடங்கமுன் அவரைக் கொடுப்பது இன்னும் சிக்கல். கொடுக்கும் அணிக்கு இந்த ஆண்டுச் சம்பளம், வாங்கும் அணிக்கு நீட்டித்த ஆண்டுகளையும் சேர்த்த சராசரி என்று இரண்டு கணக்கு. இரண்டையும் பொருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஹாலிபர்ட்டன் 2020இல் 12ஆவதாகத் தெரிவானவர். கொடுத்தபோது இரண்டாவது பருவம், சராசரி 15 புள்ளிகூட இல்லை. பந்தைப் பறிகொடுக்காமல் அசிஸ்ட் குவித்ததும் தூரத்து ஷொட் விழுந்ததும்தான் இந்தியானாவின் கண்ணில் பட்டன. ஷொட் போடும் கோலம் அவலட்சணம், விழுகிறதே! 2025இல் அவர் இந்தியானாவை இறுதித் தொடர் வரை கொண்டுபோனார். ஆனால் அவருக்குப் பதிலாக சாக்ரமென்டோ வாங்கிய சபோனிஸும் லேசுப்பட்டவரல்ல. 2023இல் சாக்ரமென்டோ 16 பருவ வறட்சிக்குப் பிறகு பிளேஓஃப் (பருவ முடிவில் முன்னணி அணிகள் மோதும் சுற்று) போனது. கொடுத்ததும் வாங்கியதும் அன்றைக்குப் பிழையில்லை, எத்தனை ஆண்டு மலிவு மிச்சம் இருந்தது என்பதை லேசாக எடுத்துவிட்டார்கள் என்பேன். கிளிப்பர்ஸ் அணி 2019இல் ஒக்லஹோமாவுக்குக் கொடுத்ததுதான் கனம்: முதற் பருவத்தில் 10.8 புள்ளி எடுத்த ஷாய் கில்ஜியஸ் அலெக்ஸாண்டரும், கூடவே ஐந்து முதற் சுற்றுத் தெரிவு உரிமைகளும். அவற்றில் ஒன்றில் தெரிவானவர்தான் ஜேலன் வில்லியம்ஸ். 2025 கிண்ணம் ஒக்லஹோமாவுக்கு.

கேள்வி: வலைப்பந்தில் கோல் ஷூட்டராக ஆடும் மகள் கூடைப்பந்துக்கு மாறலாமா? வயது 14.
– தாய், புதுக்குடியிருப்பு

பதில்: மாறலாம், அம்மா. வளையம் இரண்டிலும் 3.05 மீற்றர்தான். பலகையில்லாமல் போட்டுப் பழகிய கைக்குப் பலகை உபரி. சிக்கல் காலில் வரும்: பந்தைப் பிடித்ததும் நின்றுவிடுவார், தட்டமாட்டார். முதல் ஆறு கிழமை இடது கையால் மட்டும் நாளுக்குப் பத்து நிமிடம் தட்ட விடுங்கள். பந்து 6ஆம் இலக்கம் வாங்குங்கள். வலைப்பந்தைவிட நூறு கிராமளவு கனம், தொடக்கத்தில் ஷொட் வளையத்துக்கு எட்டாமல் விழும். கையை வீசி எறியப் பழகாமல், ஒரு மீற்றர் கிட்ட வந்து போடட்டும்.